அன்னபூரணியைக் கட்டியவர்கள்

1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 1ஆம் திகதி, அமெரிக்காவின் மாசாச்சூசெற்ஸ் மாநிலத்தில் உள்ள குளொஸ்ரர் துறைமுகத்துக்குள் ஒரு பாய்க்கப்பல் நுழைந்தது. அதன் நீளம் 89 அடி, அகலம் 19 அடி. இரண்டு பாய்மரங்கள். பாய்க்கப்பல்களை நூற்றாண்டுக் கணக்கில் பார்த்துப் பழகிய துறைமுகம் குளொஸ்ரர். ஆனால் இப்படி ஒரு கப்பல் அங்கே வந்ததில்லை. அது இலங்கையின் வடகரையில், வல்வெட்டித்துறை மணலில், வேப்பமரத்தால் கட்டப்பட்டது. அதைச் செலுத்தி வந்தவர்களுள் எங்கள் ஊர்த் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவருடைய கடலோடிகளும் இருந்தனர். கப்பலின் பெயர் அன்னபூரணி. மறுநாள் 'பொஸ்ரன் குளோப்' பத்திரிகை அதைப் பற்றி எழுதியது.

வடமராட்சியில் பிறந்து எமது பாடசாலையில் படித்த எவரும் இந்தக் கதையை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். "வல்வெட்டித்துறைக் கப்பல் அமெரிக்காவுக்குப் போனது" என்று சமூகக்கல்வி ரீச்சர் ஒருவர் சொல்லியிருப்பார், அல்லது வீட்டில் ஒரு பெரியவர் சொல்லியிருப்பார். பெரும்பாலானோருக்குக் கதை அந்த ஒரு வசனத்தோடு முடிந்துவிடும். எமது சங்கத்துக்கு நூறு வயதாகும் இவ்வேளையில் அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் இருப்பதைக் கொஞ்சம் எழுதலாம் என்று நினைத்தேன். அன்னபூரணி 1930ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டவள். எமது சங்கத்துக்கு ஒரு தங்கை வயது என்று வைத்துக்கொள்ளலாம்.

காடும் இல்லை, கப்பல் கட்டும் துறையும் இல்லை. அப்படிப்பட்ட கரையில் எப்படிக் கப்பல் கட்டினார்கள்? யாருக்காகக் கட்டினார்கள்? ஏன் நிறுத்தினார்கள்? அத்தனை கப்பல்களுள் ஒன்றின் பெயர் மட்டும் எப்படி உலகத்துக்குத் தெரிந்தது? இந்த நான்கு கேள்விகளையும் வரிசையாகப் பார்ப்போம்.

கரையும் காற்றும்

வல்வெட்டித்துறை இயற்கைத் துறைமுகம் அல்ல. ஆறு வந்து கடலில் விழும் முகத்துவாரம் இல்லை, ஒதுங்குவதற்குக் குடாவும் இல்லை. கரைக்குச் சற்று அப்பால் கற்பார் நீண்டு கிடக்கிறது. பெரிய கப்பல் பாருக்கு வெளியே நங்கூரமிட, சிறிய வள்ளங்கள்தான் சரக்கை ஏற்றி இறக்க வேண்டும். வாடைக் காலத்தில் அந்தக் கரை எப்படிக் கொந்தளிக்கும் என்பதை எமது வகுப்பறை யன்னலோரம் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இருந்தும் அந்த இடத்துக்கு இரண்டு அனுகூலங்கள் இருந்தன. முதலாவது பாக்குநீரிணை. அது ஆழம் குறைந்த கடல். இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே மணல்திட்டுகள் தொடர்ச்சியாகக் கிடப்பதால், மேற்கிலிருந்து வரும் பெரிய நீராவிக் கப்பல்கள் இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் வங்காள விரிகுடாவுக்குப் போக வேண்டும். ஆழம் குறைந்த நீரில் ஓடக்கூடிய கப்பல் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கடல் சொந்தக் கடலாகியது. நல்ல காற்று இருந்தால் கோடியக்கரை சில மணி நேரப் பயணம். நாகபட்டினம் அதற்குச் சற்று மேலே.

இரண்டாவது காற்று. சோழகம், வாடை, கச்சான், கொண்டல் என்று நான்கு திசைக் காற்றுக்கும் எம்மிடம் நான்கு பெயர் உண்டு. சோழகம் தென்மேற்கிலிருந்து வீசும் மாதங்களில் பாய் விரித்தால் அது கப்பலை வங்காள விரிகுடாவின் மறுகரைக்கு, பர்மாவுக்கு, தள்ளிக்கொண்டு போகும். வாடை வடகிழக்கிலிருந்து எழும்போது அதே கப்பல் அதே பாயோடு வீடு திரும்பலாம். போகவும் வரவும் இயற்கை தந்த இந்த ஏற்பாடு எந்திரம் வரும்வரைக்கும் செலவில்லாத எரிபொருளாக இருந்தது. ஆனால் காலம் தப்பினால் ஐப்பசி, கார்த்திகைப் புயலில் மாட்ட வேண்டி வரும். அதனால் கடலோடியின் முதற்படிப்பு நாட்காட்டிதான்.

ஏரா முதல் பாய்மரம் வரை

கப்பல் கட்டுவதற்கு முதலில் வைப்பது அடிமரம். அதற்கு 'ஏரா' என்று பெயர். ஏராவின் முன்முனையிலிருந்து அணியமும் பின்முனையிலிருந்து அமரமும் எழும். பிறகு விலா எலும்புகள் போல இருபுறமும் வளைந்த மரங்களைப் பொருத்துவார்கள். அவற்றுக்கு 'வங்கு' என்று பெயர். வங்கின்மேல் பலகை ஏறும். பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள நீக்கலில் பஞ்சையோ நாரையோ அடித்து இறுக்கி, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பூசுவதுதான் 'கலப்பத்து' அடித்தல். கப்பலுக்குள் நீர் வராமல் காப்பது இந்த வேலை. பார்ப்பவருக்கு இது எளிய வேலையாகத் தெரியும். கப்பலின் ஆயுள் இதில்தான் தங்கியிருந்தது.

மனித உடலைப் படித்தவளாக எனக்கு இந்த அமைப்பு விளங்குகிறது. முதுகெலும்பு, விலா எலும்பு, தோல் என்ற வரிசை அது. வளைந்த வங்கை நேரான மரத்திலிருந்து அறுத்தெடுத்தால் இழை குறுக்கே வெட்டுப்பட்டு, முதல் பெரிய அலையில் பிளந்துவிடும். ஆகவே இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளை வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெருங்காடு இல்லாவிட்டாலும் வளவுக்கு வளவு வேம்பு நின்றது. வேம்பின் கிளைகள் நேராக வளர்வதில்லை. கட்டில் செய்ய வருபவர் குறையாகக் காணும் அந்தக் கோணல் கப்பல் கட்டுபவருக்கு வரமாக இருந்தது. வேம்பின் கசப்பு பூச்சிகளையும் எளிதில் அண்ட விடாது. குடாநாட்டில் கிடைக்காத பெருமரங்கள் வன்னிக் காட்டிலிருந்தும் கடல் கடந்தும் வந்தன.

இதற்கு வரைபடம் கிடையாது. ஏராவின் நீளத்தை வைத்து மற்ற அளவுகள் அனைத்தையும் மனக்கணக்கில் போடுவது மேத்திரியாரின் வித்தை. ஒரு கப்பலைக் கட்டிக்கொண்டே அடுத்த தலைமுறைக்கு அதைக் கற்பித்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகமும் இல்லை, கொப்பியும் இல்லை. அன்னபூரணியைக் கட்டியவர் பெயரை ஊர் நினைவு சுந்தரம் மேத்திரியார் என்கிறது.

எழுத்தில் வைக்காவிட்டாலும் சொற்களில் ஒரு வரலாறு இருக்கிறது. சுக்கான் அரபுச் சொல். நங்கூரம் பாரசீகத்தோடு உறவுடைய சொல். கலப்பத்து என்பதன் உறவினர் அரபிலும் போர்த்துக்கேயத்திலும் உண்டு. மறுபுறம், மலாய் மக்கள் கப்பலைக் 'காப்பால்' என்கிறார்கள். அது தமிழிலிருந்து அங்கே போனது. மலையாளக் கரையில் கப்பல் கட்டும் தச்சர்களை 'ஓடாயி' என்பர். எமது கிழக்கு மாகாணத்தில் இன்றும் தச்சரை 'ஓடாவி' என்கிறார்கள். பழைய தமிழ் அகராதிகளில் அச்சொல்லுக்கு மரக்கலம் செய்பவர் என்ற பொருள் இருக்கிறது. ஒரு கப்பலின் உறுப்புகளைத் தமிழில் சொல்லிக்கொண்டு போனால், இந்து சமுத்திரத்தின் கரைகள் ஒவ்வொன்றாக வந்து போகும். அன்னபூரணியில் ஐரோப்பியப் பாய் அமைப்பும் இருந்தது. முன்மரத்தில் குறுக்குப் பாய்களும் பின்மரத்தில் நெடுக்குப் பாயும் கட்டும் முறை அது. பிறர் கப்பலில் நல்லதைக் கண்டால் வல்வை மேத்திரிமார் எடுத்துக்கொண்டார்கள்.

அரிசியும் தேக்கும்

யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூரில் பெரிய சந்தை இருந்தது. பனைமரமும் பனம் பண்டங்களும் தமிழ்நாட்டுக் கரைக்குப் போயின. அங்கிருந்து அரிசியும் துணியும் ஓடும் வந்தன. இது பழைய வணிகம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதைவிடப் பெரியதொரு கதவு திறந்தது. 1852இல் பிரித்தானியர் கீழ்ப் பர்மாவைக் கைப்பற்றினர். ஐராவதி ஆற்றின் கழிமுகத்துச் சதுப்பு நிலங்கள் வயல்களாயின. சில பதின்ம ஆண்டுகளுக்குள் உலகத்தில் அதிக அரிசியை ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் ஒன்றாகப் பர்மா மாறியது. குடாநாட்டில் விளையும் நெல் குடாநாட்டுக்குப் போதாது. பர்மாவில் அரிசியும் இருந்தது, கப்பலுக்கு வேண்டிய தேக்கும் இருந்தது. சோழகக் காற்றும் நேரே அங்கேதான் போகிறது.

அரிசி ஏற்றி வரும் கப்பலுக்கு அன்னபூரணி என்று பெயர் வைத்ததில் பக்தி மட்டுமா இருந்தது என்று நான் யோசிப்பதுண்டு.

அந்த வணிகம் ஊருக்கு என்ன கொடுத்தது என்பதைப் பார்க்க வேண்டுமென்றால் வல்வை வைத்தீஸ்வரன் கோயிலைப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கப்பல் வணிகரான திருமேனியார் வெங்கடாசலம்பிள்ளையும் அவர் குடும்பத்தினரும் முன்னின்று எழுப்பிய கோயில் அது. முத்துமாரி அம்மன் கோயிலில் சித்திரைப் பௌர்ணமியன்று நடக்கும் இந்திர விழாவுக்கு ஊரே திரள்வதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கடலுக்குப் போனவர்கள் கரைக்கு வந்து சேர்ந்ததற்குச் சொன்ன நன்றி இந்தக் கோயில்களில் கல்லாகவும் தேராகவும் நிற்கிறது.

கப்பலில் ஏறியவர்கள் ஆண்கள். அவர்கள் இல்லாத மாதங்களில் ஊரை நடத்தியவர்கள் பெண்கள். இது பற்றி எழுத்தில் கிடைப்பது மிகக் குறைவு. அதனால் எனக்குக் காதால் கேட்கக் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வல்வையைச் சேர்ந்த, தொண்ணூறை எட்டும் ஆச்சி ஒருவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். பெயர் சொல்வது முறையில்லை. தொடையெலும்பு முறிந்திருந்தது. நினைவு பல இடங்களில் விட்டுப்போயிருந்தது. காலையில் சாப்பிட்டது ஞாபகமில்லை. வழக்கம் போலக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

"அப்பா என்ன வேலை செய்தவர், ஆச்சி?"

"கப்பல்."

"கப்பலில கலாசியோ?"

ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "கலாசியோ? தண்டையல், பிள்ளை!"

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. கலப்பத்து அடிக்கும் சத்தம் விடிய முன்பே தொடங்கிவிடும் என்றார். அந்தச் சத்தம் நின்றால் கப்பல் இறங்கப் போகிறது என்று குழந்தைகளுக்கும் தெரியுமாம். பாய்மரத்துக்குக் காசு போதாமல் போனபோது தன் தாய் இரண்டு சோடி காப்பைக் கழற்றிக் கொடுத்ததையும், கப்பல் இரண்டாம் முறை திரும்பி வந்த பின்தான் அவை மீண்டதையும் சொன்னார். வாடை எழுந்த நாளிலிருந்து தாய் நாள் எண்ணுவாராம். "சுவரில கரிக்கோடு போடுவா. எழுத்துத் தெரியாது, பிள்ளை. கணக்குத் தெரியும்."

குளொஸ்ரர் வரை

இனி அன்னபூரணியிடம் வருவோம். அவளை வாங்கியவர் வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர். 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்ற 32 அடிப் படகில் உலகத்தைச் சுற்றி வந்தவர். ஸ்வாப் என்பது கனவைக் குறிக்கும் வடமொழிச் சொல். அக்காலத்தில் உலகைச் சுற்றிய படகுகளுள் மிகச் சிறியது அது என்று பேசப்பட்டது. அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதிப் புகழ் பெற்றார்.

1934இல் மனைவி புளோரன்சுடன் பசிபிக் சமுத்திரத்தின் கலபாகொஸ் தீவுகளில் இருந்தபோது ரொபின்சனுக்குக் குடல்வளரி அழற்சி வந்து, அது வெடித்தது. மனித நடமாட்டம் அரிதான இடம். அவ்வழியே வந்த மீன்பிடிக் கப்பல் ஒன்றின் வானொலி மூலம் செய்தி போய், பனாமாவிலிருந்து விமானங்களும் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றும் உதவிக்கு விரைந்தன. அவர் பிழைத்தார். குடல்வளரி வெடித்து நாட்கள் கடந்து வரும் நோயாளியை இன்றும் நாங்கள் இலேசாக எடுப்பதில்லை. அன்று நோய்க்கிருமி கொல்லி மருந்துகள் இல்லை. பென்சிலின் முதன்முதலாக நோயாளிகளுக்கு ஏற்றப்பட்டது 1941இல்தான். ரொபின்சன் பிழைத்ததில் வைத்தியத்தின் பங்கு பாதி, அதிர்ஷ்டத்தின் பங்கு பாதி.

பிழைத்தவர் பழங்காலப் பாய்க்கப்பல்களின் மீது இருந்த மோகத்தால் மாசாச்சூசெற்ஸ் மாநிலத்து இப்ஸ்விச்சில் ஒரு கப்பல் கட்டும் துறையைத் தொடங்கினார். அங்கே 1938இல் கட்டப்பட்ட 'சுவிப்ற் ஒவ் இப்ஸ்விச்' என்ற கப்பல் பின்னர் திரைப்பட நடிகர் ஜேம்ஸ் கக்னியிடம் போனது. மரக்கப்பல் கட்டும் கலை தன் நாட்டில் அருகி வருவதைக் கண்ட அந்த மனிதருக்கு, அது உயிரோடு இருக்கும் ஒரு கரை இலங்கையில் இருப்பது தெரிந்திருந்தது. அன்னபூரணியை விலைக்கு வாங்கினார். மனைவியின் பெயரை வைத்து 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று கப்பலுக்குப் புதுப் பெயர் சூட்டினார். பிறந்தகத்தில் ஒரு பெயர், புகுந்தகத்தில் ஒரு பெயர்.

1937இன் தொடக்கத்தில் புறப்பட்ட கப்பல் அரபிக் கடல், செங்கடல், சுயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், பிறகு அத்திலாந்திக் சமுத்திரம் என்று போய், பெர்மியுடாவைத் தொட்டு, ஒன்றரை ஆண்டுக்குக் கிட்டிய காலத்தில் குளொஸ்ரரை அடைந்தது. எமது கடலோடிகளுக்குச் சோழகமும் வாடையும் தெரியும். அத்திலாந்திக்கின் காற்றுக்கு அவர்களிடம் பெயர் இருக்கவில்லை. பாக்குநீரிணைக்கும் வங்காள விரிகுடாவுக்குமென்று, வரைபடமே இல்லாமல் கட்டப்பட்ட கப்பல் அந்தச் சமுத்திரத்தையும் தாண்டியது. மேத்திரியாரின் மனக்கணக்குக்கு இதைவிடப் பெரிய பரீட்சை இருக்க முடியாது.

ஏன் நின்றது?

'நம்மவர்கள் அக்கறை எடுக்காமல் விட்டுவிட்டார்கள்' என்று சிலர் வருந்துவதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. கப்பல் கட்டும் கலை தானாக நோயுற்றுச் சாகவில்லை. அதற்கு உணவு கொடுத்த நாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டன.

முதல் அடைப்பு தூரத்தில் தொடங்கியது. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது. 1875இல் கொழும்பில் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் வைத்தார்கள். கொழும்பு பெரிய நீராவிக் கப்பல்களின் துறைமுகமாக வளர, இலங்கையின் சிறு துறைகள் சிறுத்தன. 1905இல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை புகையிரதம் ஓடத் தொடங்கியதும் கரையோரச் சரக்கில் ஒரு பங்கு தண்டவாளத்துக்கு ஏறியது. இவ்வளவுக்குப் பிறகும் 1930இல் அன்னபூரணி கட்டப்பட்டிருக்கிறாள் என்றால், கடல் கடந்த வணிகம் அந்த ஊரைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் பொருள்.

அதுவும் அடைபட்டது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தனர். அந்த ஆண்டு இலங்கையில் அரிசிப் பங்கீடு வந்தது. போர் முடிந்த பின்னும் அரிசி வாங்குவது அரசின் கையில் இருந்தது. 1952இல் சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, அரிசி பெருங்கப்பல்களில் வந்தது. வல்வைக் கப்பலுக்கு ஏற்றிவர அரிசி இல்லாமற் போயிற்று.

கடைசி அடைப்பு சட்டம். 1947, 1948 ஆண்டுகளில் இந்தியாவும் பர்மாவும் இலங்கையும் தனித்தனி நாடுகளாயின. 1948ஆம் ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தோடு கடவுச்சீட்டும் விசாவும் பாக்குநீரிணைக்கு நடுவில் வந்து நின்றன. அதே கப்பல், அதே காற்று, அதே கரை. தாத்தா போனபோது வணிகம் என்று சொன்ன பயணத்துக்குப் பேரன் போனபோது கடத்தல் என்று பெயர். எமது ஊரின் பெயரோடு அந்தச் சொல்லைச் சேர்த்துப் பேசுவோர் இந்த வரலாற்றையும் சேர்த்துப் பேசினால் நல்லது.

கேரளத்தின் பேப்பூரில் இன்றும் 'உரு' எனப்படும் பெரிய மரக்கப்பல்களைக் கட்டுகிறார்கள். அங்கும் வரைபடம் கிடையாது, அங்கும் தலைமைத் தச்சரின் மனக்கணக்குத்தான். அவர்கள் எம்மவரைவிடத் திறமைசாலிகளா? அப்படிச் சொல்ல முடியாது. அரபு நாடுகளிலிருந்து வாங்குவோர் அவர்களைத் தேடி இன்னும் வருகிறார்கள். தூத்துக்குடித் தோணிகளும் எந்திரம் பூட்டிக்கொண்டு மாலைதீவுக்குச் சரக்கு ஏற்றின. கட்டச் சொல்லிக் கேட்க ஆள் இருக்கும்வரை கைத்தொழில் இருக்கும். கொழும்பிலும் 1974இல் தொடங்கிய கப்பல் கட்டும் நிறுவனம் இரும்புக் கப்பல்களைக் கட்டி வெளிநாடுகளுக்கு விற்கிறது. வல்வையில் கேட்க ஆள் இல்லாமற் போனது. அதன்பின் வந்த முப்பது ஆண்டுப் போரில் கடலே மூடப்பட்டது. என் வயதுடையவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தோம். அதில் கப்பல் கட்டி ஓடினார்கள் என்பது எங்களுக்கு நம்ப முடியாத கதையாக இருந்தது.

எழுதியவர் யார்?

நான்காம் கேள்வி மீதம் இருக்கிறது. எத்தனையோ கப்பல்கள் அந்தக் கரையிலிருந்து கடலில் இறங்கின. அன்னபூரணியை மட்டும் உலகம் அறிந்தது ஏன்? அவள் மற்றவற்றைவிடச் சிறந்தவள் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அமெரிக்கர் ஒருவர் வாங்கினார், அமெரிக்கப் பத்திரிகை ஒன்று எழுதியது, அவ்வளவுதான். நீளம் 89 அடி என்று நாம் இன்று சொல்வதும் அவர்கள் எழுதி வைத்ததால்தான். 1934இல் கலபாகொஸில் அந்த மனிதர் இறந்திருந்தால் குளொஸ்ரரும் இல்லை, பத்திரிகையும் இல்லை. வல்வைக் கப்பல்கள் அனைத்தும் பெயரில்லாமலே போயிருக்கும். எமது ஊரின் நூற்றாண்டுக் கால உழைப்பின் நினைவு, முன்பின் தெரியாத ஒருவரின் குடல்வளரியில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை நினைக்கையில் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

கட்டியவர்கள் எழுதவில்லை. எழுதிய கொஞ்சத்தில் எவ்வளவோ அழிந்தது. 1987இல் வடமராட்சியில் நடந்த இராணுவ நடவடிக்கையிலும், 1989 ஓகஸ்டில் வல்வெட்டித்துறையில் வீடுகள் எரிந்தபோதும், உயிர்களோடும் உடைமைகளோடும் கப்பல் கணக்குகளும் உறுதிகளும் ரங்கூனில் எடுத்த படங்களும் போயிருக்கும். அவற்றை யாரும் பட்டியல் போடவில்லை. இடம்பெயர்ந்தபோது நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடியவை பிறப்புச் சான்றிதழும் பரீட்சைச் சான்றிதழும்தான்.

அன்னபூரணியின் ஏரா வைக்கப்பட்ட அதே ஆண்டுகளில் எமது பாடசாலையில் பெண் பிள்ளைகள் எழுதப் படித்தார்கள். எழுத்துத் தெரியாமல் கரிக்கோடு போட்ட தாய்மாரின் பிள்ளைகளும் பேத்திகளும் ஆசிரியைகளாக, வைத்தியர்களாக, கணக்காளர்களாக ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் கொழும்பிலும் இருக்கிறோம். எழுத்து எங்கள் கைக்கு வந்தது. கப்பலின் கதை எழுத்துக்கு வரவில்லை. அதற்குக் காரணம், கப்பல் ஆண்களின் விடயம், பாடப்புத்தகத்தில் இல்லாத விடயம், பரீட்சைக்கு வராத விடயம் என்று நாம் கருதியதாக இருக்கலாம்.

வைத்தியத்தில் நோயாளி தன் வாயால் சொல்லும் கதையை 'ஹிஸ்ரறி' என்கிறோம். மாணவராக இருக்கும்போதே சொல்லித் தருவார்கள்: முதலில் கேள், பிறகு தொட்டுப் பார், அதன் பிறகு படம் எடு. நோயாளி பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்பது அதில் உள்ள பாடம். நான் வசிக்கும் களுபோவிலயிலும் பக்கத்தில் வெள்ளவத்தையிலும் தொடர்மாடி வீடுகளில் எண்பது, தொண்ணூறு வயது வல்வைப் பெரியவர்கள் இருக்கிறார்கள். மாலையில் வெள்ளவத்தைக் கடற்கரையில் காற்று வாங்குகிறார்கள். கொழும்புத் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கொள்கலன் கப்பல்கள் தொலைவில் வரிசையாக நிற்கும். அதைப் பார்த்து, 'எங்கட கப்பலும்...' என்று தொடங்கும் பெரியவருக்குக் கேட்க ஆள் வேண்டும். கைத்தொலைபேசி ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது.

ஆகவே பழைய மாணவிகள் அனைவரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ உறவிலோ இருக்கும் மூத்தவர்களிடம் இந்த ஐந்தையும் கேளுங்கள். உங்கள் குடும்பத்தவர் வேலை செய்த கப்பல்களின் பெயர் என்ன? யார் கட்டினார், யார் தண்டையல்? எங்கே போனது, எதை ஏற்றியது? கப்பலின் உறுப்புகளுக்கும் கயிறுகளுக்கும் பாய்களுக்கும் என்ன பெயர்? அவர்கள் கடலில் இருந்தபோது வீட்டில் பெண்கள் என்ன செய்தார்கள்? கடைசிக் கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பழைய உறுதியோ கடிதமோ புகைப்படமோ இருந்தால் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பொஸ்ரன் பக்கம் இருப்பவர்கள் ஒரு சனிக்கிழமை குளொஸ்ரருக்குப் போய்வரலாம். அருகிலுள்ள இப்ஸ்விச்சில் புளோரன்சின் தந்தை கிறேன் கட்டிய மாளிகையும் இப்போது பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கிடைப்பதைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ, குரல் பதிவாகவோ, அரைப் பக்கமாகவோ இருக்கலாம். அந்த ஆச்சி சொன்ன கயிற்றுப் பெயர்களுள் ஐந்தாறை அன்றே நோயாளர் அட்டையின் பின்புறத்தில் எழுதிப் பின்னர் கொப்பியில் ஏற்றி வைத்திருக்கிறேன். எமது தொகுப்பின் முதல் பக்கத்துக்கு அவற்றைத் தருகிறேன். எழுத்துப் பிழை விட்டால் பரவாயில்லை. சிவப்புப் பேனையோடு யாரும் காத்திருக்கவில்லை.